ஏரிக்கரையில் ஒரு ரிவால்வர்

"அண்ணே, ரிவால்வர் லைசென்ஸ் வாங்கணும்னா யாரைப் பார்க்கணும்?"

கேட்டவர் பழவேற்காடு பக்கத்து இறால் வியாபாரி. முப்பது வயதுக்கு மேல் இருக்காது. விடியற்காலையில் படகுகள் கரைக்கு வரும்போது ரொக்கம் கொடுத்து இறாலும் நண்டும் எடுப்பவர். மடியில் பணத்தைக் கட்டிக்கொண்டு, விளக்கில்லாத சாலையில் பைக்கில் வருகிறவருக்குப் பயம் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் பயத்தோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடும் வீராங்கனை மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்ற காட்சியைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டினார். "அப்படியே ஞாயித்துக்கிழமைல ப்ராக்டீஸும் பண்ணிக்கலாம்ல?"

ஆக, ஒரே துப்பாக்கி. இரவில் தற்காப்பு, ஞாயிற்றுக்கிழமை குறி பார்த்தல். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. "பார்த்துச் சொல்றேன் தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தேன். பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பழவேற்காட்டுக்கு வெடிமருந்து புதிதல்ல என்பதிலிருந்து தொடங்கலாம். டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1620களில் ஒரு வெடிமருந்து ஆலையையும் அமைத்தார்கள். கிழக்கிந்தியத் தீவுகளில் இருந்த அவர்களுடைய கோட்டைகளுக்கும், தாயகம் திரும்பும் கப்பல்களுக்கும் பல பத்தாண்டுகள் இங்கிருந்துதான் மருந்து போயிற்று. இன்று கோட்டை இருந்த இடத்தில் புதர் மண்டிய மேடுதான் மிச்சம். டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் காவலில் நிற்கிறது. அதன் வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். வெளியூர்க்காரர்கள் அவற்றோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே செய்த மருந்தில் ஒரு சிட்டிகைகூட ஊராருக்காக இல்லை என்பதை எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை.

அந்த வழக்கம் ஆங்கிலேயர் காலத்திலும் தொடர்ந்தது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியன் ஆயுதம் வைத்திருக்க உரிமம் கேட்டது. ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. அதனால்தான் 1931இல் கராச்சி காங்கிரஸ், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையையும் அடிப்படை உரிமைகளின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதே உரிமையைக் கோரித் திருத்தம் கொண்டுவந்தபோது சபை ஏற்கவில்லை, அம்பேத்கரும் எதிர்த்தார். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், உரிமம் இல்லாத துப்பாக்கிகளைப் பற்றிக் கவலைப்பட்டபோது இதைத்தான் நினைவூட்டியது: அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமை, நம் அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் அப்படி ஓர் உரிமையைத் தரவில்லை. எனவே நம் வியாபாரி கேட்பது உரிமையை அல்ல, அனுமதியை. மாவட்டத்தில் ஆட்சியரும் பெருநகரில் காவல் ஆணையரும் தருவது அது.

இப்போது நடப்பில் இருக்கும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தைப் பலர் கண்மூடித்தனமான தடைச் சட்டம் என்று நினைக்கிறார்கள். 13ஆம் பிரிவைப் படித்தால் அப்படித் தோன்றாது. 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள, உட்புறம் வழவழப்பான நீளத் துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்டால், மறுக்கக் காரணம் இல்லாதவரை தர வேண்டும் என்பது சட்டத்தின் போக்கு. பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்திடும் நாட்டுத் துப்பாக்கிக்கும் அதே சலுகை. அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப்பின் உறுப்பினர் பயிற்சிக்காகக் கேட்கும் பாயிண்ட் 22 ரைஃபிளுக்கும் அப்படித்தான். இந்தப் பட்டியலில் கைத்துப்பாக்கி இல்லை. அது "மற்றவை" என்ற இனத்தில் வருகிறது. அதற்குத் தகுந்த காரணம் இருப்பதாக அதிகாரி திருப்திப்பட வேண்டும். தோளில் போட்டுக்கொண்டு எல்லோர் கண்ணிலும் படும்படி போகிற ஆயுதத்துக்கு ஒரு நியாயம், இடுப்பில் ஒளித்துக்கொண்டு போகிற ஆயுதத்துக்கு வேறு நியாயம். இது சரியான பாகுபாடு என்பது என் கருத்து.

இதே சட்டத்தின் 14ஆம் பிரிவில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி ஒன்று உண்டு. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் உரிமத்தை மறுக்கக் கூடாது என்கிறது. ஏட்டில் அழகாக இருக்கிறது. ஆனால் "உயிருக்கு ஆபத்து இருக்கிறதா" என்று காவல் நிலையத்திலிருந்து அறிக்கை போகும்போது, ஆபத்து உள்ளவர் என்று யார் எழுதப்படுவார்? நகைக்கடை முதலாளி, கட்சிப் புள்ளி, ரியல் எஸ்டேட்காரர். கட்டுமரத்துக்காரரின் உயிரும் உயிர்தான், ஆனால் அதற்கு ஆபத்து என்று கோப்பில் எழுத எந்த ரைட்டருக்கும் கை வராது. நம் ஊரில் ரிவால்வர் தற்காப்புக் கருவி என்பதைவிடக் கௌரவச் சின்னமாகிப் போனதற்கு இதுவும் காரணம். வடக்கே கல்யாணப் பந்தலில் வானத்தைப் பார்த்துச் சுட்டு, கீழே ஆள் விழுந்து செத்த கதைகள் பெருகித்தான் 2019இல் சட்டத்தைத் திருத்தி, கொண்டாட்டத்தில் சுட்டால் இரண்டாண்டுச் சிறை வரை போகலாம் என்று எழுத வேண்டிவந்தது. ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததையும் அப்போதுதான் இரண்டாகக் குறைத்தார்கள்.

சரி, உரிமம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கடைக்குப் போய் எதை வாங்குவது? சினிமாவில் பார்த்த 9 எம்.எம். பிஸ்டல் சாதாரணக் குடிமகனுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்றால் அதற்கு 1980களிலிருந்தே தடை. பெயர்பெற்ற விளையாட்டு வீரர்களுக்குத்தான் விலக்கு. மிஞ்சுவது பெரும்பாலும் பாயிண்ட் 32 ரிவால்வரும் பிஸ்டலும். 2014இல் கான்பூரிலிருந்து பெண்களுக்கென்றே "நிர்பீக்" என்ற பெயரில் அரைக் கிலோ எடையில் ஒரு ரிவால்வர் வந்தது. விலை சுமார் 1 லட்சத்து 22 ஆயிரம். டெல்லியில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த பாலியல் கொடுமைக்குப் பிறகு, அந்தப் பெண்ணுக்கு நாடு வைத்த பெயரின் சாயலில் வந்த துப்பாக்கி அது. தலையில் கூடையோடு விடியலில் பஸ் ஏறும் மீன்காரம்மாவுக்கு அந்த விலை என்ன அர்த்தம் தரும் என்று அதைச் செய்தவர்கள் யோசித்திருப்பார்களா? அந்தத் தொகைக்குப் படகுக்கு எஞ்சின் பார்த்துவிடலாம்.

வாங்கிய துப்பாக்கியை வைத்திருப்பது அடுத்த பாடு. பழவேற்காட்டுக் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடாமல் ஒரு மாதம் விட்டுப் பாருங்கள், கையில் செம்பொடி ஒட்டும். தாழ்ப்பாள், ஆணி, கடையின் ஷட்டர் எல்லாவற்றிலும் உப்பு தின்ற தடம் இருக்கும். ரிவால்வரின் உருளை சுழல வேண்டும், அடியில் உள்ள ஸ்பிரிங் இளகாமல் இருக்க வேண்டும், தோட்டாவின் பின்புறத் தகட்டில் ஈரம் ஏறக் கூடாது. வாரத்துக்கு ஒருமுறை பிரித்துத் துடைத்து எண்ணெய் போடுகிறவருக்குத்தான் அது துப்பாக்கி. மற்றவருக்குப் பீரோவில் கிடக்கும் இரும்பு. மனு பாக்கருக்கே 2021இல் டோக்கியோவில் தகுதிச் சுற்றின் நடுவே பிஸ்டல் பழுதாகி, அதைச் சரிசெய்வதில் நேரம் போய், இறுதிச் சுற்று கைநழுவியது. தினம் அதைத் தொட்டுத் துடைத்துப் பழகியவருக்கு நேர்ந்தது அது.

குறி பார்க்கிற விஷயத்துக்கு வருகிறேன். நம் வியாபாரியின் கோரிக்கையில் எனக்குப் பிடித்த பகுதியும் அதுதான், அவர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பதும் அதுதான். மனு பாக்கர் கையில் இருந்தது வெடிமருந்தால் சுடும் துப்பாக்கியல்ல, காற்றழுத்தத்தால் சுடும் ஏர் பிஸ்டல். 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு, 10 மீட்டர் தூரம், நடுவில் 11.5 மில்லிமீட்டர் வட்டம். ஒன்றரைக் கிலோவுக்கு மிகாத பிஸ்டலை ஒரே கையில் நீட்டி, தகுதிச் சுற்றில் 75 நிமிடத்துக்குள் 60 முறை சுட வேண்டும். மூச்சை விட்டு, நிறுத்தி, விரலின் முதல் கணு மட்டும் அசைய வேண்டிய ஆட்டம். அந்தப் பிஸ்டலுக்கு நம் நாட்டில் ஆயுத உரிமமே தேவையில்லை. பாயிண்ட் 177 அளவுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்பட்ட காற்றுத் துப்பாக்கிக்குத்தான் உரிமம். மாறாக, இடுப்பில் செருகும் பாயிண்ட் 32 ரிவால்வரைக் கொண்டுபோய் 10 மீட்டர் பந்தயத்தில் நின்றால் உள்ளேயே விட மாட்டார்கள். தமிழ்நாட்டோடு தொடர்புள்ள பெயர்களைப் பாருங்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவது ஏர் ரைஃபிள். பாரிஸுக்குப் போன புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் சுடுவது பறக்கும் தட்டை உடைக்கும் நீளத் துப்பாக்கி. தற்காப்புக்கென்று ரிவால்வர் வாங்குகிறவர் வாங்குவதை இவர்களில் யாரும் தொடுவதில்லை.

கருவி மட்டுமல்ல, கையில் ஏறும் பழக்கமும் வேறு. 10 மீட்டர் பந்தயத்தில் இலக்கு காகிதம். அது அசையாது, ஓடி வராது, இருட்டில் நிற்காது, அதற்கு மாமன் மச்சான் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காகிதத்தில் பத்தைத் தொட்டவர் திங்கட்கிழமை இரவு பைக்கை மறித்து நிற்கும் இருவரை எதிர்கொள்வார் என்பது வெறும் ஆசை. அவருடைய ஒரு கை ஹேண்டில்பாரில் இருக்கும்.

இனி பழவேற்காடு ஏரி. என்னைப் பொறுத்தவரை விவகாரம் இங்கேதான் முடிவாகிறது, அதுவும் ஆயுதச் சட்டத்தால் அல்ல. ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 153.67 சதுர கிலோமீட்டர். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, எழுத்துமூல முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்கிறது. 34ஆம் பிரிவு இன்னும் ஒரு படி போகிறது. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள், தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு இல்லாமல் புதிய ஆயுத உரிமமே தரக் கூடாது. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம், ஜமீலாபாத் என்று ஏரியை ஒட்டிய ஊர் எதை எடுத்தாலும் இந்த வட்டத்துக்குள்தான். ஆட்சியர் மனம் வைத்தாலும் வனத்துறையும் தலையாட்டியாக வேண்டும். பூநாரைக்காக எழுதிய சட்டம் இறால் வியாபாரியின் இடுப்பு வரை நீள்கிறது.

இதில் ஒரு கசப்பான வேடிக்கையும் உண்டு. அந்தச் சட்டத்தின் வரையறையில் "ஆயுதம்" என்பதில் துப்பாக்கி, வெடி, கத்தியோடு தூண்டில் முள்ளும் வலையும் சேர்ந்தே இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக வலையை மட்டும் தூக்கியவனை, புத்தகத்தில் ஏற்கெனவே ஆயுதபாணியாக்கி வைத்திருக்கிறார்கள்! சட்டத்தை நான் மெச்சுகிறேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்; அதன் 34ஆம் பிரிவை மட்டும் மெச்சுகிறேன்.

ஏனென்றால் ஏரியில் சண்டை எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இங்கே பாடு முறை இருக்கிறது. எந்த ஊர்க்காரர், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு, முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது. முகத்துவாரம் பக்கத்து இடத்தில் இறால் அதிகம். அங்கே முறை வந்தவருக்கு யோகம். பாட்டுக்குள் இருக்கும் ஊருக்கும் வெளியே நிற்கும் ஊருக்கும் உரசல் வரும். ஏரி இரண்டு மாநிலத்தில் கிடப்பதால் ஆந்திரப் பக்கத்தோடும் உரசல் வரும். படகைப் பிடித்துக் கட்டிவைப்பார்கள், வலையை அறுப்பார்கள், மண்டை உடையும். பிறகு ஊர்ப் பஞ்சாயத்து உட்காரும், தண்டம் போடும், அடுத்த மாதம் அதே ஆட்கள் அதே மார்க்கெட்டில் நிற்பார்கள். கட்டையும் கழியும் கையில் உள்ளவரைதான் இந்த முறை வேலை செய்யும். உடைந்த மண்டைக்குத் தண்டம் போடலாம். தோட்டா பாய்ந்த நெஞ்சுக்கு எந்தப் பஞ்சாயத்தும் விலை சொல்ல முடியாது.

வலைத் திருடனைச் சுட்டால் என்ன ஆகும் என்பதையும் சட்டத்தில் பார்த்தேன். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பைப் பற்றியவை. பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தவைதான். உயிர் போகும், கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், எதிராளியின் சாவு வரைகூடத் தற்காப்பு செல்லும். பொருளைக் காப்பதற்கு அந்த அளவு இடம் கொள்ளை, இரவில் வீட்டை உடைத்து நுழைவது, வீட்டுக்குத் தீவைப்பது போன்றவற்றில்தான். வெறும் திருட்டுக்கு, உயிர் பயம் இல்லாதபோது, கிடையாது. நள்ளிரவில் அடுத்தவர் வலையை உருவுகிறவன் பெரும்பாலும் வெறும் திருடன்தான். அவனைச் சுட்டவர் கொலை வழக்கில் நிற்பார். வழியில் மறித்துக் கத்தியைக் காட்டுகிறவன் கதை வேறு. அங்கே நம் வியாபாரியின் பக்கம் சட்டம் நிற்கும். ஆனால் ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்க அவருக்கு நேரம் கிடைக்க வேண்டும்.

தண்ணீரின் மேல் துப்பாக்கி என்ன செய்யும் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 2012 பிப்ரவரி 15, கேரளக் கடலுக்கு அப்பால் என்ரிக்கா லெக்ஸி என்ற இத்தாலியக் கப்பல். அதன் காவலுக்கு இருந்த கடற்படையினர், நெருங்கி வந்த செயின்ட் ஆன்டனி என்ற மீன்பிடிப் படகைக் கொள்ளையர் படகென்று நினைத்துச் சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் செத்தார்கள். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். சுட்டவர்கள் பயிற்சி பெற்ற படைவீரர்கள், நேரமோ பட்டப்பகல். அவர்களுக்கே மீனவனுக்கும் கொள்ளைக்காரனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எட்டு ஆண்டு கழித்து 2020இல் சர்வதேச நடுவர் மன்றம், அவர்களை இந்தியா விசாரிக்க முடியாது, நஷ்டஈடு பெறலாம் என்றது. 10 கோடி ரூபாய் வந்தது, 2021 ஜூனில் வழக்கு மூடப்பட்டது. அது கைத்துப்பாக்கி அல்ல, ராணுவத் துப்பாக்கிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிழை துப்பாக்கியின் ரகத்தில் இல்லையே. நிலவில்லாத இரவில் ஏரிக்குப் போய்ப் பாருங்கள். எதிரே வரும் படகு ஒரு கறுப்புக் கோடு, நிற்கிற ஆள் ஒரு கறுப்புக் குச்சி, கழி குத்தும் சத்தம் மட்டும் வரும். குரல் கொடுத்து, பதில் குரலை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறார்கள். கையில் ரிவால்வர் இருப்பவன் குரல் கொடுக்கும்வரை காத்திருப்பானா?

தரையிலும் தமிழர்களுக்குப் பழைய பாடம் ஒன்று உண்டு. 1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டம். எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தார்கள், எம்.ஜி.ஆரின் குரல்தான் பழையபடி திரும்பவில்லை. வீடு புகுந்த திருடன் யாரும் அந்த அறையில் இல்லை. பல வருஷம் பழகிய இரண்டு நடிகர்கள், பேச்சு முற்றிய ஒரு மாலை, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு துப்பாக்கி.

எதிர்வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. காவல்துறை வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்பது உண்மை. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093 என்ற எண் இருக்கிறது. முகத்துவாரத்தில் சிக்கியவருக்கு அது பயன்படும், சாலையில் மறிக்கப்பட்டவருக்கு அல்ல. குடகர்களுக்கு உரிமமே இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ள 2029 வரை மத்திய அரசு விலக்கு தந்திருக்கிறதே, குடகில் என்ன ரத்த ஆறா ஓடுகிறது என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. ஆனால் குடகர் துப்பாக்கி தோட்டத்து வீட்டில் இருப்பது, பண்டிகைக்கு எடுப்பது, ஊரறிந்த நீளக் குழல். அது அவர்களுடைய சடங்குக்குள் வளர்ந்தது. மீனவரான பட்டினவர் ஊர்களில் துப்பாக்கிக்கு அப்படி ஒரு மரபு இல்லை. புதிதாகக் கொண்டுவந்து நட்டால் அது மரபாக முளைக்காது, மிரட்டலாகத்தான் முளைக்கும். ஒருவர் வாங்கினால் அடுத்த ஊரில் ஒருவர் வாங்குவார். தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமம் உள்ள துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். ஊரில் சூடு ஏறும் நேரத்தில் அரசாங்கமே அதைக் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறது என்றால், அதன் தற்காப்புத் தகுதியைப் பற்றி அரசாங்கத்தின் உள்மனம் என்ன நினைக்கிறது என்பதும் தெரிகிறது.

ஆகவே என் தீர்ப்பு: ஏரிக்கரையில் தற்காப்புக்கென்று கைத்துப்பாக்கி கூடாது. ஏழைக்கு மறுத்துப் பணக்காரருக்குத் தருவதும் கூடாது. காவல் நிலைய அறிக்கையில் "ஆபத்து" என்ற சொல் யாருக்கு எழுதப்படுகிறது என்பதை ஆட்சியர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும். இறால் வியாபாரிக்கு வேண்டியது சாலையில் விளக்கு, ரொக்கத்துக்குப் பதில் கைப்பேசியில் பணம் அனுப்பும் பழக்கம், நாலு பேராகச் சேர்ந்து வருவது. குறி பார்க்கும் ஆசைக்கோ முழு ஆதரவு. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா போட்டியின் துப்பாக்கி சுடுதல் வேளச்சேரி குருநானக் கல்லூரியில் நடந்தது. சென்னை ரைஃபிள் கிளப் இருக்கிறது. ஆனால் பழவேற்காட்டிலிருந்து சென்னை சுமார் 60 கிலோமீட்டர். பொன்னேரியில் ஓர் அரசுப் பள்ளிக் கூடத்தில் 10 மீட்டர் நீளம் கிடைத்தால் போதும், நாலு ஏர் பிஸ்டலை வைத்துத் தொடங்கிவிடலாம். இரவெல்லாம் ஆடும் படகில் நின்று வலை இழுத்துப் பழகிய பிள்ளைகளின் தோளும் பாதமும் அந்த ஒன்றரைக் கிலோவை எப்படித் தாங்கும் என்று பார்க்க எனக்கு ஆசை.

இதையெல்லாம் போன வாரம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். 10 கிலோமீட்டர் விவரத்தைக் கேட்டுச் சிரித்தார். ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்றதும் முகம் மலர்ந்தது. விலை கேட்டார். நம் நாட்டிலேயே செய்வதன் விலை குறைவு, பந்தயத்துக்கான வெளிநாட்டுப் பிஸ்டல் லட்சத்தைத் தாண்டும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பைக்கை உதைத்துக் கிளப்பும்போது கேட்டார்:

"அண்ணே, இருட்டுல காட்டினா அதுவும் நிஜ பிஸ்டல் மாதிரிதானே இருக்கும்?"